பால் நிலையத்தைப் படமாக்குவது: செயல்முறைப் படம் வரையவும் திருத்தவும் ஒரு முழுமையான வழிகாட்டி

பரந்தன் - முல்லைத்தீவு வீதியோரம் இருக்கும் ஒரு பால் சேகரிப்பு நிலையத்துக்காக நான் வரைந்த முதல் படத்தில் 35 பெட்டிகள் இருந்தன. அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய், அங்கே காலையில் பால் எடுக்கும் அக்காவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இதில நான் எங்க நிக்கிறன்?" என்று கேட்டார். என்னால் விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. அவருடைய வேலை ஐந்து இடங்களில் சிதறிக் கிடந்தது. அவர் ஒருநாளும் செய்யாத இரண்டு வேலைகளும் அவர் பெயரில் இருந்தன.

அன்றிலிருந்து எந்தப் படத்தையும் அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன். வேலை செய்பவர் தன் இடத்தில் விரல் வைக்க முடிகிறதா? அப்படி வைக்கக்கூடிய ஒரு படத்தை வெறும் கையிலிருந்து தொடங்கி எப்படி வரைவது, பிறகு எப்படித் திருத்துவது என்பதை அதே பால் நிலையத்தை வைத்தே சொல்கிறேன். நெல் ஆலை, கூட்டுறவுக் கடை, மீன் வாடி என்று உங்களுடையது எதுவாக இருந்தாலும் வழி இதுதான்.

பிபிஎம்என் என்பது என்ன

வேலை எந்த ஒழுங்கில் நடக்கிறது என்பதை வரைவதற்கு உலகம் முழுக்கப் பயன்படும் குறியீட்டு முறை பிபிஎம்என் (BPMN, Business Process Model and Notation). இன்று எல்லோரும் வரைவது 2011இல் வந்த 2.0 பதிப்பை. 2013இல் அது ஐஎஸ்ஓ தரமாகவும் (19510) ஏற்கப்பட்டது. ஆகவே கிளிநொச்சியில் வரைந்த படத்தைக் கொழும்பிலோ கனடாவிலோ இருப்பவர் விளக்கம் கேட்காமல் வாசிக்கலாம்.

குறியீடுகள் நூற்றுக்கு மேல் உண்டு. தொடங்குவதற்கு ஆறு போதும். மெல்லிய கோட்டு வட்டம் தொடக்கம், தடித்த கோட்டு வட்டம் முடிவு. முனை மழுங்கிய செவ்வகம் ஒரு பணி. சாய்சதுரம் வழி பிரியும் இடம். கருவிகளில் அதன் பெயர் கேட்வே. முழுக்கோட்டு அம்பு வேலையின் ஓட்டம். விட்டுவிட்டு வரும் கோட்டு அம்பு, ஒரு தரப்பிலிருந்து இன்னொரு தரப்புக்குப் போகும் செய்தி.

கருவியைத் திறப்பதற்கு முன்

இதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். பால் நிலையம் என்றால் காலை ஆறு மணிக்கே போய் நில்லுங்கள், ஒருநாள் அல்ல, இரண்டு நாள். சைக்கிளில் கான் கட்டி வருபவரையும் மோட்டார் சைக்கிளில் வருபவரையும் பாருங்கள். கையில் கொப்பியும் பென்சிலும் போதும். இரண்டே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள்: "பிறகு என்ன செய்வீங்கள்?", "அப்பிடி இல்லாட்டில்?" முதலாவது கேள்வி பணிகளைத் தரும். இரண்டாவது சாய்சதுரங்களைத் தரும்.

பொறுப்பாளரிடம் மட்டும் கேட்டால், வேலை எப்படி நடக்க வேண்டும் என்று அவர் நினைக்கிறாரோ அதுதான் கிடைக்கும். நான் முதலில் செய்த பிழை அதுதான்.

அடுத்தது எல்லை. ஒரு தாளில் மூன்று விடைகளை எழுதுங்கள்: எது நடந்தால் இது தொடங்குகிறது, எது நடந்தால் முடிகிறது, 'ஒரு தடவை' என்றால் என்ன. மூன்றாவதைப் பலர் யோசிப்பதில்லை. என் முதல் படம் குழம்பியதற்குக் காரணமே அதுதான். பால் ஏற்பதில் ஒரு தடவை என்பது ஒருவர் ஒரு காலையில் கொண்டுவரும் பால். காசு கொடுப்பதில் ஒரு தடவை என்பது இரண்டு கிழமைக் கணக்கு, அதுவும் எல்லோருக்கும் சேர்த்து. பவுசரில், அதாவது பால் கொண்டுபோகும் தாங்கி லொறியில், ஏற்றி அனுப்புவதில் ஒரு தடவை என்பது அன்றைக்குச் சேர்ந்த மொத்தப் பால். நான் மூன்றையும் ஒரே அம்பில் கோத்திருந்தேன். அந்தப் படத்தின்படி ஒவ்வொரு கான் பாலுக்கும் ஒரு பவுசர் வர வேண்டும், ஒவ்வொரு நாளும் பணம் கொடுக்கும் பட்டியல் போட வேண்டும்.

எண்ணிக்கை மாறும் இடத்தில் படத்தை வெட்டுங்கள். ஒன்று பலவாகும் இடத்திலும் பல ஒன்றாகும் இடத்திலும் புதிய படம் தொடங்குகிறது. எனக்கு மூன்று படங்கள் வந்தன: பால் ஏற்பு, பால் அனுப்புதல், பணம் கொடுத்தல்.

கருவியும் எழுத்துருவும்

நான் கமுண்டா மொடலர் (Camunda Modeler) என்ற கருவியைப் பயன்படுத்துகிறேன். இலவசம், ஒன்லைனில் இல்லாமலும் வேலை செய்யும். சிக்னல் விட்டுவிட்டு வரும் இடங்களில் இது பெரிய உதவி. விண்டோஸுக்கு சிப் பைலாக வரும். விரித்து, உள்ளிருப்பதை இரட்டைக் கிளிக் செய்தால் திறக்கும். எதையும் நிறுவ விரும்பாதவர்கள் பிபிஎம்என்.ஐஓ (bpmn.io) தளத்தில் பிரவுசரிலேயே வரையலாம். இரண்டும் ஒரே வரைபலகையில் எழுந்தவை, ஆகவே கீழே சொல்பவற்றில் பெரும்பாலானவை இரண்டுக்கும் பொருந்தும். டிரோ.ஐஓ (draw.io) என்ற வரைகருவியிலும் இந்த வடிவங்கள் உண்டு. ஆனால் அங்கே அவை வெறும் வடிவங்கள்தான், விதியை மீறி அம்பு போட்டாலும் கருவி தடுக்காது. பழகும் காலத்தில் தடுக்கும் கருவிதான் நல்லது.

கமுண்டாவைத் திறந்ததும் 7ஆம் பதிப்புக்கா 8ஆம் பதிப்புக்கா படம் என்று கேட்கும். படம் வரைய மட்டும் என்றால் எதை எடுத்தாலும் சரி. கீழே எச்சரிக்கைகள் வரலாம். கடிகாரம் வைத்த வட்டத்துக்கு நேரம் குறிக்கவில்லை என்பதுபோல, அவற்றில் பல படத்தைக் கணினியில் இயக்குபவர்களுக்கானவை.

தமிழில் எழுதுவதற்கு ஒரு கட்டாய நிபந்தனை: யுனிகோட். எங்கள் பக்கத்துக் கணினிகளில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சுச் செய்யும் பழக்கம் உண்டு. பாமினியில் அடித்ததை வேர்டிலிருந்து கொண்டுவந்து ஒட்டினால் படத்தில் பொருளில்லாத ஆங்கில எழுத்துகள்தான் தெரியும், ஏனென்றால் பைலுக்குள் இருப்பது அவைதான். விண்டோஸ் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து, தமிழ் 99 அல்லது ஒலிப்பு முறை விசைப்பலகையில் நேரே அடியுங்கள். பழைய பாமினி எழுத்தை மாற்றித் தரும் ஒன்லைன் மாற்றிகளும் உண்டு.

முதல் ஓட்டம்

புதிய படத்தில் ஒரு தொடக்க வட்டம் இருக்கும். அதை இரட்டைக் கிளிக் செய்து 'பால் வந்தது' என்று எழுதுங்கள். வட்டத்தை ஒருமுறை கிளிக் செய்தால் அருகில் சின்னச் சின்னப் படங்கள் தோன்றும். செவ்வகத்தைத் தொட்டால் அடுத்த பணி அம்போடு சேர்ந்தே வந்துவிடும். அம்பைத் தனியாக வரையத் தேவையில்லை.

முதல் பணி: 'பாலைப் பரிசோதித்தல்'. மணம் பார்ப்பதும், பாலின் அடர்த்தியைக் காட்டும் லக்ரோமீற்றரை அதில் மிதக்க விடுவதும் இதற்குள் அடக்கம். பாலில் தண்ணீர் கலந்திருந்தால் லக்ரோமீற்றர் கூடுதலாகத் தாழும், அளவீடு குறைந்து காட்டும். அக்கா இதைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார். அடுத்து ஒரு சாய்சதுரம், அதன் மேல் கேள்வி: 'பால் தரமானதா?' வெளியே போகும் அம்புகளில் விடைகள்: 'ஆம்', 'இல்லை'.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சாய்சதுரம் எதையும் முடிவு செய்வதில்லை. முடிவு அதற்கு முந்திய பணியிலேயே ஆகிவிட்டது. சாய்சதுரம் அந்த விடைப்படி வழியைப் பிரித்துவிடுகிறது, அவ்வளவுதான். பரிசோதிக்கும் பணியே இல்லாமல் சாய்சதுரத்தை மட்டும் போட்டால், யார் பார்த்தார், எதைக் கொண்டு பார்த்தார் என்பது படத்திலிருந்து காணாமல் போய்விடும். பாலைத் திருப்பி அனுப்பினால் சண்டை வருவது அந்தக் கேள்வியில்தான்.

'இல்லை' என்ற வழியில் 'காரணம் சொல்லிப் பாலைத் திருப்புதல்', பிறகு 'பால் திருப்பப்பட்டது' என்ற முடிவு வட்டம். 'ஆம்' வழியில் 'பாலை அளத்தல்'. அளந்த பிறகு இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன: அக்கா பாலை வடித்துக் குளிரூட்டும் தாங்கியில் ஊற்றுகிறார், கணக்குப் பார்க்கும் தம்பி, கொண்டுவந்தவருடைய பால் கார்ட்டிலும் கொப்பியிலும் லீற்றரை எழுதுகிறார். இதற்கு இன்னொரு சாய்சதுரம் வைத்து, அதைக் கிளிக் செய்து, குறடு போன்ற சின்னத்தைத் தொட்டு, 'பரலல் கேட்வே' என்று மாற்றுங்கள். உள்ளே கூட்டல் குறி வரும். பெருக்கல் குறி என்றால் ஏதாவது ஒரு வழி, கூட்டல் குறி என்றால் எல்லா வழியும். இரண்டு பணிகளும் முடிந்ததும் இன்னொரு கூட்டல் சாய்சதுரத்தில் சேர்த்து, 'பால் ஏற்கப்பட்டது' என்று முடியுங்கள்.

முடிவுகள் இரண்டு என்றால் வட்டங்களும் இரண்டாகவே இருக்கட்டும். நல்ல முடிவையும் கெட்ட முடிவையும் ஒரே வட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தால், எத்தனை பேரின் பால் திரும்பியது என்று பிறகு எண்ண முடியாது.

தமிழில் பெயர் வைப்பது

பணிகளுக்கு 'அளத்தல்', 'எழுதுதல்' என்று தொழிற்பெயர் வைக்கிறேன். 'அளக்கவும்' என்றால் கட்டளையாகிவிடும். வேலை செய்பவர்களோடு சேர்ந்து வரையும் படத்தில் அது நன்றாக இல்லை. எதை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வெறும் 'அளத்தல்' போதாது, 'பாலை அளத்தல்' வேண்டும். வட்டங்களுக்கு நடந்து முடிந்ததைச் சொல்லும் பெயர்: 'பால் வந்தது', 'பணம் கொடுக்கப்பட்டது'. இந்த வேறுபாட்டைக் கடைப்பிடித்தாலே வாசிப்பது பாதி எளிதாகிவிடும்.

தமிழ்ச் சொல் நீளம். ஒரு பெட்டிக்குள் மூன்று வரிக்கு மேல் போனால் எழுத்து நெரியும். சொற்களை வெட்டிச் சுருக்குவதை விட, விளக்கத்தைப் பெட்டிக்கு வெளியே குறிப்பாக வைப்பது நல்லது. பணியைக் கிளிக் செய்தால் வரும் சின்னங்களில் ஓர் அடைப்புக்குறிபோல ஒன்று இருக்கும். அது குறிப்புப் பெட்டியைத் தரும். லக்ரோமீற்றர் எந்த அளவுக்குக் கீழே போனால் திருப்ப வேண்டும் என்பது போன்றவற்றை அங்கே எழுதுங்கள்.

அங்கே பேசப்படும் சொல்லையே போடுங்கள். எல்லோரும் 'பால் கார்ட்' என்று சொல்லும் இடத்தில் 'பாற்கொள்வனவுப் பதிவட்டை' என்று எழுதினால் அக்கா அதை வேறு ஏதோ என்று நினைப்பார்.

குளமும் தடமும்

யார் செய்கிறார் என்பதைக் காட்டப் பூல், லேன் என்ற இரண்டு உண்டு. நீச்சல் தடாகத்தையும் அதில் ஓடும் தடங்களையும் பார்த்து வைத்த பெயர்கள். நான் பூலைக் குளம் என்றே சொல்லிக் கொடுக்கிறேன், இரணைமடுக் குளத்துக்குக் கீழே வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல் உடனே பிடித்துக்கொள்கிறது. ஒரு நிறுவனம் ஒரு குளம். அதற்குள் ஒவ்வொரு பொறுப்பும் ஒரு தடம்.

இடப்பக்கப் பட்டியிலிருந்து குளத்தை இழுத்துப் படத்தின் மேல் வைத்தால், வரைந்தது முழுவதும் அதற்குள் வந்துவிடும். குளத்தைக் கிளிக் செய்து இரண்டு தடங்களாகப் பிரிக்கும் சின்னத்தைத் தொட்டு, 'பால் எடுப்பவர்', 'கணக்கு' என்று பெயரிடுங்கள். ஆளின் பெயரை எழுத வேண்டாம், பொறுப்பை எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு பணியையும் அதற்குரிய தடத்துக்கு இழுங்கள்.

பால் கொண்டுவருபவர் நிலையத்தின் ஆள் அல்ல, அவருக்குத் தனிக் குளம். அவர் வீட்டில் மாட்டை எப்படிக் கறக்கிறார் என்பது இந்தப் படத்துக்குத் தேவையில்லை. ஆகவே குறடுச் சின்னம் வழியாக அதை வெறுங்குளமாக மாற்றிவிடுங்கள், மெல்லிய பட்டையாகச் சுருங்கும். குளத்திலிருந்து குளத்துக்கு முழுக்கோட்டு அம்பு போகக்கூடாது, செய்தி அம்பு மட்டும்தான். இணைக்கும் கருவியால் இழுத்தால் கமுண்டா தானாகவே சரியான கோட்டைத் தெரிவு செய்யும்.

இப்போது அக்காவின் கேள்விக்கு விடை இருக்கிறது. மேல் தடம் முழுக்க அவர்.

புளியங்கொட்டை வைத்துப் பார்த்தல்

படம் சரியா என்று பார்க்க எனக்குத் தெரிந்த சிறந்த வழி, பிரிண்ட் எடுத்த தாளை மேசையில் விரித்து, தொடக்க வட்டத்தில் ஒரு புளியங்கொட்டையை வைத்து நகர்த்துவது. பெருக்கல் சாய்சதுரத்தில் கொட்டை ஒரு வழியில் மட்டும் போகும். கூட்டல் சாய்சதுரத்தில் ஒவ்வொரு வழிக்கும் ஒரு கொட்டை புதிதாக வைக்க வேண்டும். சேரும் கூட்டலில் எல்லாக் கொட்டைகளும் வந்த பிறகே ஒன்று வெளியே போகலாம். குறியீட்டு விதிமுறையே 'டோக்கன்' என்ற பெயரில் இப்படித்தான் ஓட்டத்தை விளக்குகிறது.

அக்காவே நகர்த்தட்டும். நீங்கள் பார்த்துக்கொண்டிருங்கள். எங்கள் பால் ஏற்புப் படத்தின் இரண்டாவது வரைவில் கொட்டை கொழுப்புச் சோதனைக்கான மாதிரி எடுக்கும் பெட்டிக்கு வந்தபோது அவர் கையை எடுத்துவிட்டார். "தம்பி, சாம்பிள் ஒவ்வொருநாளும் எடுக்கிறேல்லை." பொறுப்பாளர் என்னிடம் தினமும் என்று சொல்லியிருந்தார்.

சரி, அந்த இடத்தில் 'இன்று மாதிரி எடுக்கும் நாளா?' என்று ஒரு பெருக்கல் சாய்சதுரம் வைத்தேன். ஆம் என்றால் மாதிரி எடுக்கும் பணி, இல்லை என்றால் நேரே அடுத்தது. இரண்டு வழியும் சேரும் இடத்தில் அவசரத்தில் கூட்டல் சாய்சதுரத்தை வைத்துவிட்டேன். மறுபடி கொட்டையை நகர்த்தினால், அது அந்தக் கூட்டலில் வந்து நின்றுவிட்டது. வராத இரண்டாவது கொட்டைக்காகக் காத்திருக்கிறது, எத்தனை நாள் காத்திருந்தாலும் வராது. புதிதாகப் பழகுபவர்கள் படங்களில் நான் அதிகம் காணும் பிழை இது. பெருக்கலில் பிரிந்தது பெருக்கலில் சேர வேண்டும், கூட்டலில் பிரிந்தது கூட்டலில்.

திருத்துதல்

வரைவதை விடத் திருத்துவதுதான் அதிக நேரம் எடுக்கும். சில பழக்கங்கள் இருந்தால் அது சலிப்பாக இராது.

வகை மாற்ற வேண்டுமானால் அழித்துவிட்டுப் புதிதாகப் போடாதீர்கள். குறடுச் சின்னத்தால் மாற்றினால் அம்புகளும் பெயரும் அப்படியே இருக்கும்.

இரண்டு பணிகளுக்கு நடுவே ஒன்றைச் சேர்க்க, புதிய பெட்டியை நேரே அம்பின் மேல் இழுத்துப் போடுங்கள். அம்பு தானாகப் பிரிந்து இருபுறமும் இணையும். நடுவே உள்ள ஒன்றை அழித்தால் முன்னும் பின்னும் தானாகச் சேர்ந்துகொள்ளும்.

இடம் போதவில்லை என்றால் எஸ் விசையை அழுத்தி, இடம் வேண்டிய இடத்தில் கிளிக் செய்து வலப்பக்கம் இழுங்கள், அதற்கப்பால் உள்ளதெல்லாம் ஒன்றாக நகரும். நான் இதைத் தெரிந்துகொள்ள முன் ஒவ்வொரு பெட்டியாக நகர்த்தி ஒரு பின்னேரத்தையே செலவழித்தேன். பலவற்றைச் சேர்த்துப் பிடிக்க ஷிப்டை அழுத்தி மவுஸால் சுற்றி வளையுங்கள். பிழை செய்தால் கன்ட்ரோல் இசட்.

ஓட்டம் இடமிருந்து வலமாகப் போகட்டும். அம்புகள் குறுக்கே வெட்டாமல் பாருங்கள். வெட்டியே ஆக வேண்டும் என்றால் பெரும்பாலும் தடங்களின் ஒழுங்குதான் பிழை, மேலும் கீழும் மாற்றிப் பாருங்கள்.

இனி, திருத்தம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒன்று சொல்ல வேண்டும். பாலுக்கான விலை கொழுப்பையும் கொழுப்பல்லாத திண்மத்தையும் வைத்துத் தீர்மானிக்கப்படுகிறது. பணம் கொடுக்கும் படத்தில் 'தொகையைக் கணித்தல்' என்ற பெட்டியை வரைந்துவிட்டு, கொழுப்பு அளவு எங்கிருந்து வருகிறது என்று தேடினேன். வேலையின் ஓட்டம் இருந்தது, ஆனால் அந்த எண் வரும் வழி படத்தில் எங்கும் இல்லை. கேட்டுப் பார்த்தால், மாதிரி பரிசோதித்தவர் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிச் சட்டைப்பையில் கொண்டுவந்து கொடுக்கிறார். துண்டு தொலைந்தால் போன முறை எண்ணையே போட்டுவிடுகிறார்கள். "இந்தமுறை காசு குறைஞ்சிட்டுது" என்று பால் கொடுப்பவர்கள் மாதக்கணக்கில் சொல்லி வந்ததற்கு விடை அந்தச் சட்டைப்பையில் இருந்தது. யாரும் ஏமாற்றவில்லை. அந்த எண்ணுக்கு ஓர் இடம் இல்லை, அவ்வளவுதான்.

பால் கார்ட்டில் கொழுப்புக்கு ஒரு நிரல் சேர்த்தார்கள். படத்தில் நான் தாள் வடிவத் தரவுக் குறியை இழுத்து வைத்து, மாதிரி சோதிக்கும் பணியிலிருந்து அதற்கும், அதிலிருந்து கணிக்கும் பணிக்கும் புள்ளிக்கோடு போட்டேன். உங்கள் படத்திலும் ஒவ்வொரு பெட்டியிலும் நின்று, இந்த வேலைக்கு என்ன தகவல் தேவை, அது எதன் மேல் எழுதப்பட்டு வருகிறது என்று கேளுங்கள்.

நேரமும் தடங்கலும்

பணம் கொடுக்கும் படத்தின் தொடக்க வட்டத்தைக் குறடுச் சின்னத்தால் கடிகாரமாக மாற்றி, 'இரண்டு கிழமைக்கு ஒருமுறை' என்று எழுதுங்கள்.

பால் அனுப்பும் படத்தில் தடங்கல் முக்கியம். பாலை 4 பாகை செல்சியஸ் அளவில் குளிரவைத்துப் பவுசர் வரும்வரை காக்க வேண்டும். பவுசர் பிந்தினால்? இரட்டைக் கோட்டு வட்டமான இடைநிலை வட்டத்தை இழுத்து 'பாலைக் குளிரில் வைத்திருத்தல்' பணியின் விளிம்பில் ஒட்டுங்கள். குறடுச் சின்னத்தில், பணியை நிறுத்தாத வகைக் கடிகாரத்தைத் தெரிவு செய்தால் வட்டம் விட்டுவிட்டு வரும் கோட்டில் மாறும். அதிலிருந்து 'பவுசருக்குப் போன் எடுத்தல்' என்ற பணிக்கு அம்பு. கரண்ட் நின்றால் வேறு: குளிரவைப்பதே நின்றுவிடுகிறது, ஆகவே பணியை நிறுத்தும் வகை, முழுக்கோட்டு வட்டம். அங்கிருந்து ஜெனரேற்றரை இயக்கும் வழிக்குப் போக வேண்டும். நினைவுக்கு வரும் எல்லாத் தடங்கலையும் வரைய வேண்டாம். போன வருடம் உண்மையில் நடந்தவற்றை மட்டும் வரையுங்கள்.

சேமித்தல், ஒட்டுதல்

பைலின் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் திகதியைச் சேர்த்து, ஒவ்வொரு பெரிய திருத்தத்துக்கும் புதிய பிரதி வையுங்கள். பிபிஎம்என் பைல் உள்ளே எக்ஸ்எம்எல் எழுத்துதான், வேறு கருவிகளிலும் திறக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பப் பிஎன்ஜி படமாக எடுங்கள், எந்தப் போனிலும் தமிழ் எழுத்து சிதறாது. பெரிதாக்கிப் பிரிண்ட் எடுக்க எஸ்விஜி. ஏ3 தாளில் எடுத்து, பால் எடுக்கும் மேசைக்கு மேலே ஒட்டி, பக்கத்தில் ஒரு பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். பிழையைக் கண்டவர் அங்கேயே கீறட்டும்.

எங்கள் தாளில் வந்த முதல் பென்சில் கீறல் காலபோகம் விதைத்த பிறகு வந்தது. வயல்கள் அடைபட்டதும் மாடுகளைக் காட்டோரப் பட்டிகளுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அங்கிருந்து ஏழெட்டுப் பேரின் பாலை ஒருவரே எடுத்து வருவார். 'பால் வந்தது' என்ற வட்டத்துக்குப் பக்கத்தில் அக்கா எழுதியிருந்தார்: 'ஒராள், எட்டுக் கார்ட்'. ஒரு தடவை என்றால் ஒருவருடைய பால் என்று நான் போட்ட எல்லை அந்த மாதங்களுக்குப் பொருந்தவில்லை.

திருத்தம் இப்படி: பல பணிகளைத் தனக்குள் அடக்கும் விரிந்த துணைச்செயல்முறைப் பெட்டி ஒன்றை இழுத்து வைத்து, பரிசோதிப்பதிலிருந்து எழுதுவது வரையான பணிகளைச் சுற்றி வளைத்து அதற்குள் இழுத்தேன். உள்ளே அதற்கென ஒரு தொடக்கமும் இரண்டு முடிவுகளும். பெட்டியைக் கிளிக் செய்து, குறடுச் சின்னத்தைத் தொட்டு, மேலே வரும் குறிகளில் மூன்று கிடைக்கோடுகளைத் தெரிவு செய்தேன். ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொரு கார்ட்டுக்கும் ஒருமுறை என்று பொருள். மூன்று நிலைக்குத்துக் கோடுகள் என்றால் எல்லாம் ஒரே நேரத்தில். லக்ரோமீற்றர் ஒன்றுதான் இருக்கிறது, ஆகவே கிடைக்கோடு. ஒருவர் ஒரு கார்ட்டோடு வந்தாலும் இதே படம் ஓடும், ஒருமுறை சுற்றி முடிந்துவிடும். புதிய தாளை ஒட்டிய அன்றே அக்கா புளியங்கொட்டையை எடுத்து எட்டு முறை சுற்றிப் பார்த்தார்.